ஓலைக்கு முன்னும் தாலிக்குப் பின்னும்

கத்தோலிக்கத் திருச்சபையில் திருமண ஆலோசனை தாலி கட்டுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. சண்டை முற்றிய பிறகு கணவனையும் மனைவியையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசுவது அதில் ஒரு பகுதிதான். பங்குத்தந்தை பெண்ணையும் மாப்பிள்ளையையும் தனித்தனியே அழைத்துக் கேட்கும் கேள்விகள், மறைமாவட்டம் நடத்தும் திருமணத் தயாரிப்புப் பயிற்சி, ஞாயிறு பூசையில் வாசிக்கப்படும் ‘ஓலை’ எனும் திருமண அறிவிப்பு ஆகிய மூன்றும் அதற்கு முந்தைய பகுதி. ஒரு குடும்பம் பின்னாளில் படக்கூடிய பாட்டில் பாதியைத் தடுக்கும் வாய்ப்பு இந்த முன்பகுதியில்தான் இருக்கிறது. பெரும்பாலான குடும்பங்கள் அதை ஒரு சான்றிதழ் வேலையாக நினைத்து அவசரமாகக் கடந்துவிடுகின்றன.

காரைக்காலில் இந்த வேலைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த ஊரைச் சுற்றி நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்கள். ஆட்சியோ புதுச்சேரியிலிருந்து. திருச்சபை நிர்வாகத்திலும் அதே நிலைமைதான். சுற்றியுள்ள பங்குகள் 1952-இல் உருவான தஞ்சாவூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. காரைக்கால் பங்குகள் 130 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. தேற்றரவு அன்னை ஆலயப் பங்கைச் சேர்ந்த பெண்ணுக்கு இருபது கிலோமீட்டர் தள்ளி நாகப்பட்டினத்தில் மாப்பிள்ளை பார்த்தாலும், காகிதங்கள் இரண்டு மறைமாவட்டங்களைத் தாண்டியாக வேண்டும். கல்யாணத்தை வேளாங்கண்ணியில் வைத்துக்கொள்ள விரும்பினாலும் சொந்தப் பங்குத்தந்தையின் அனுமதிக் கடிதம் இல்லாமல் நடக்காது. அந்தக் கடிதம், பெண்ணையும் மாப்பிள்ளையையும் தெரிந்த ஒருவர் அவர்களை விசாரித்துவிட்டார் என்பதற்கு அத்தாட்சி.

பழைய ஞான உபதேசப் புத்தகங்களில் இந்த அருட்சாதனத்தின் பெயர் மெய்விவாகம். வயதானவர்கள் இன்றும் அப்படிச் சொல்வதுண்டு. ‘சாமியார் கல்யாணம் பண்ணிவைத்தார்’ என்பது பேச்சு வழக்கு. இலத்தீன் திருச்சபையின் இறையியல்படி, திருமணத்தை நிறைவேற்றுபவர்கள் மணமகனும் மணமகளும்தான். குரு திருச்சபையின் பெயரால் நிற்கும் சாட்சி. இருவரும் மனமொப்பிச் சொல்லும் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது. அந்தச் சம்மதத்தை வேறு எந்த மனிதரும் அவர்களுக்குப் பதிலாகக் கொடுக்க முடியாது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1057-ஆம் எண் இதைத்தான் சொல்கிறது. கத்தோலிக்கத் திருமண ஆலோசனை முழுவதும் சுற்றிவரும் அச்சு இதுவே. முன்னால் கேட்கப்படும் கேள்வி, இந்தச் சம்மதம் உண்மையானதா என்பது. பின்னால் செய்யப்படும் உதவி, கொடுத்த சம்மதத்தை அன்றாடம் வாழவைப்பது. எல்லாம் முறிந்தபின் திருச்சபை நடுவர் மன்றம் தேடிப் பார்ப்பதும், அன்றைய சம்மதம் சம்மதம்தானா என்பதையே.

முன்விசாரணை பங்கு அலுவலகத்தில் நடக்கிறது. மேசைமேல் திருமுழுக்குப் பேரேடு விரிந்திருக்கும். குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், ஞானப் பெற்றோர் பெயர் எல்லாம் வரிசையாக எழுதியிருக்க, ஒவ்வொரு பதிவின் ஓரத்திலும் கொஞ்சம் இடம் விட்டிருக்கும். அந்த மனிதர் உறுதிபூசுதல் பெற்றால் அங்கே குறிக்க வேண்டும். கல்யாணம் ஆனால் யாரோடு, எங்கே, எந்தத் தேதியில் என்று குறிக்க வேண்டும். குருவானாலும் குறிக்க வேண்டும். ஒருவர் பிழைக்கப்போன இடத்தில் கல்யாணம் செய்திருந்தாலும் தகவல் திருமுழுக்குப் பெற்ற பங்குக்குத் திரும்பி வந்து அந்த ஓரத்தில் ஏறுகிறது. அதனால்தான் பழைய சான்றிதழை ஏற்றுக்கொள்ளாமல், புதிதாக எடுத்த திருமுழுக்குச் சான்றிதழைக் கேட்கிறார்கள். ஓரத்தில் கல்யாணக் குறிப்பு இல்லையென்றால் ஆள் மணமாகாதவர்.

பிறகு கேள்விகள். பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து வந்தாலும் தனித்தனியே உட்காரவைத்துக் கேட்பதே முறை. யாராவது வற்புறுத்தினார்களா, ஏதாவது நிபந்தனை மனதில் இருக்கிறதா, சாகும்வரை பிரியாமல் வாழ்வது என்றால் என்னவென்று தெரியுமா, பிள்ளை பெற்று வளர்க்க மனம் உண்டா, மறைக்கப்பட்ட நோயோ கடனோ முந்தைய உறவோ உண்டா என்பவை அதில் அடங்கும். வெளியே மரத்தடியில் அப்பாவும் தாய்மாமனும் காத்திருப்பார்கள். உள்ளே பேச்சு இப்படிப் போகக்கூடும்:

“உனக்கு இந்த மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்காம்மா?”

“அப்பாவுக்குப் பிடிச்சிருக்கு ஃபாதர்.”

“கட்டிக்கப் போறது நீ. உனக்குப் பிடிச்சிருக்கா?”

இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் படிவத்தில் ‘ஆம்’ என்று எழுதிக்கொண்டால் விசாரணை வெறும் சடங்காகிவிடும். வற்புறுத்தலாலோ கடும் அச்சத்தாலோ கொடுத்த சம்மதம் செல்லாது என்பது 1103-ஆம் எண் சட்டம். கத்தியைக் காட்டுவது மட்டும் அச்சுறுத்தல் அல்ல. அப்பா முகம் வாடிவிடுமே, அம்மா சாப்பிடாமல் கிடப்பாளே என்ற பயமும் கணக்கில் வரும் என்பதைத் திருச்சபை நடுவர் மன்றங்கள் நெடுங்காலமாக ஏற்றுவந்திருக்கின்றன. பெற்றோரை மதிக்கும் பிள்ளைக்கு வரும் பயம் இது என்பதால் இதற்குத் தனிப் பெயரே உண்டு: பயபக்தியால் விளையும் அச்சம். தமிழ்க் குடும்பத்துக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

விசாரணை முடிந்தால் ஓலை. தொடர்ந்து மூன்று ஞாயிறு பூசையில் இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் அறிவிக்கவும் என்று வாசிப்பார்கள். பனையோலை போய்த் தாள் வந்த பிறகும் முதல் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை என்றே பேச்சு. மூன்று அறிவிப்பு என்று இந்த வழக்கத்தை வரையறுத்தது 1563-இல் திரெந்துப் பொதுச்சங்கம். அதுவரை ஐரோப்பாவில் இருவர் இரகசியமாக வாக்குக் கொடுத்துக்கொண்டாலே கல்யாணம் செல்லும் என்ற நிலை இருந்தது; பிறகு ஆண் மறுத்துவிட்டால் பெண்ணுக்கு நாதியில்லை. அவளைக் காப்பாற்றவே மூன்று அறிவிப்பும், பங்குக்குருவும், இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்று சங்கம் விதித்தது.

தமிழ்நாட்டுக் கல்யாணத்தில் திருச்சபைச் சட்டம் நேருக்கு நேர் மோதும் இடம் முறைப்பெண். மாமன் மகள், அத்தை மகள் கட்டிக்கொள்ளும் முறை. சித்தப்பா மகள், பெரியம்மா மகள் தங்கை முறை. தமிழ் உறவுமுறையின் அடித்தளமே இந்த வேறுபாடுதான். திருச்சபைச் சட்டத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது. பொது மூதாதையர் வரை ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கி, படிகளை எண்ணும்: பையனிலிருந்து அவன் அம்மா ஒன்று, தாத்தா இரண்டு, அங்கிருந்து மாமன் மூன்று, மாமன் மகள் நான்கு. நான்காம் படிவரை தடை. மாமன் மகளும் நான்கு, சித்தப்பா மகளும் நான்கு. அக்காள் மகள் இன்னும் நெருக்கம், மூன்றாம் படி. உடன்பிறந்தவர் இரண்டாம் படி. அதற்கு எந்தக் காலத்திலும் விலக்கு இல்லை. மற்றவற்றுக்குத் தகுந்த காரணம் காட்டினால் ஆயர் விலக்கு அளிக்கலாம். இந்த விலக்கைக் கோரும் விண்ணப்பம் ஆலோசனைக்கு நல்ல வாய்ப்பு. பிறந்த அன்றே ‘இவனுக்கு இவள்’ என்று பேசிவைத்த கல்யாணத்தில் பெண்ணின் சம்மதத்தை யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள். குடும்பத்தில் ஏற்கெனவே பிறவி நோய் இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டிருக்கவும் மாட்டார்கள். சொத்து வெளியே போகக்கூடாது என்பதற்காக மட்டும் கேட்கப்படும் விலக்கைப் பங்குத்தந்தை தயங்காமல் திருப்பி அனுப்பலாம்.

தமிழர் கல்யாணத்தைத் திருச்சபை விசாரிப்பது புதிதல்ல. உரோமையின் தூதராக வந்த ஷார்ல் தொமா மையார் தெ தூர்னோன் 1703 நவம்பரில் புதுச்சேரியில் இறங்கி, 1704-இல் பதினாறு கூறுகள் கொண்ட ஆணை ஒன்றை வெளியிட்டார். அதில் பல கூறுகள் கல்யாணம் பற்றியவை. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது, மஞ்சள் பூசிய நூற்றெட்டு இழைத் தாலிக்கயிறு கூடாது, அரசாணிக் கிளை நடுவது கூடாது, தேங்காய் உடைத்துச் சகுனம் பார்ப்பது கூடாது. அதோடு, ஆறேழு வயதுக் குழந்தைகளுக்குத் தாலி கட்டுவதும் கூடாது. இந்தச் சர்ச்சை நாற்பது ஆண்டு இழுத்து, 1744-இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் பிறப்பித்த ஆணையோடுதான் அடங்கியது. காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த 1739, இந்தச் சர்ச்சையின் நடுவில் வரும் ஆண்டு. பின்பு 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அந்தந்த மக்களின் நல்ல திருமண வழக்கங்களைக் காக்கச் சொன்னது. இன்று சிலுவையோ புறாவோ பொறித்த தாலி, மோதிரத்தோடு பீடத்தில் மந்திரிக்கப்பட்டுக் கட்டப்படுகிறது. தூர்னோனின் ஆணையைப் படிக்கும் யாரும் பண்பாட்டு ஆணவத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஆனால், தாலியின் உருவத்தைப் பற்றிச் சண்டை நடந்த அதே தாளில் குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்கும் வரியும் இருந்தது. அந்த வரியைப் பற்றி இவ்வளவு பேச்சு எழவில்லை.

முன்தயாரிப்புக்கு இன்றுள்ள வடிவத்தைக் கொடுத்தது 1981-இல் இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட குடும்பம் பற்றிய ஊக்கவுரை. பிள்ளைப் பருவத்தில் வீட்டிலேயே பெற்றோரைப் பார்த்துப் பெறும் தயாரிப்பு, வாலிபத்தில் பெறும் தயாரிப்பு, கல்யாணத்துக்குச் சற்று முன் பெறும் தயாரிப்பு என அது மூன்று கட்டங்களைச் சொல்கிறது. நடைமுறையில் மூன்றாவது மட்டுமே நடக்கிறது. தமிழ்நாடு, புதுவை மறைமாவட்டங்களில் குடும்பநலப் பணிக்குழு ஓரிரு நாட்களோ மூன்று நாட்களோ பயிற்சி நடத்திச் சான்றிதழ் தருகிறது; அது இல்லாமல் ஓலை வாசிப்பதில்லை. குருவும், மருத்துவரும், வழக்கறிஞரும், பல்லாண்டு குடித்தனம் நடத்திய தம்பதியரும் வகுப்பெடுக்கிறார்கள். பத்திரிகை அடித்து, மண்டபத்துக்கு முன்பணமும் கட்டிவிட்ட பிறகு வரும் இந்தப் பயிற்சி, யாரையும் ‘இந்தக் கல்யாணம் வேண்டாம்’ என்று முடிவெடுக்கவைக்கும் அளவுக்கு முன்கூட்டி வருவதில்லை. 2022-இல் வத்திக்கான் வெளியிட்ட வழிகாட்டி இந்தக் குறையை ஒப்புக்கொண்டு, வயதுவந்தோர் திருமுழுக்குக்குத் தயாராவதைப்போல நீண்ட பயணமாக இதை மாற்றச் சொல்கிறது. கல்யாணத்துக்குப் பின்னும் முதல் சில ஆண்டுகள் கூடவே இருக்கச் சொல்கிறது.

பயிற்சிகளில் ஒரு எளிய முறை உண்டு. பெண்ணையும் மாப்பிள்ளையையும் வெவ்வேறு மேசையில் உட்காரவைத்து, கல்யாணமான முதல் மாதத்தின் வரவு செலவை எழுதச் சொல்வார்கள். பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அவன் தாளில் ‘அம்மாவுக்கு’ என்று ஒரு தொகை. அவள் தாளில் அந்த வரியே இல்லை. அவள் தாளில் தன் சம்பளத்திலிருந்து தங்கை படிப்புக்கு ஒரு தொகை. அவன் தாளில் அவள் சம்பளம் முழுதும் வீட்டுக்கடனுக்குப் போயிருக்கும். சண்டை எதைப் பற்றி வரும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். அன்பைப் பற்றிய ஒரு மணிநேரச் சொற்பொழிவைவிட இந்த இரண்டு தாள்கள் அதிகம் பேசும்.

பிள்ளைப்பேறு பற்றிய வகுப்பு எளிதானதல்ல. 1968-இல் ஆறாம் பவுல் செயற்கைக் கருத்தடையை ஏற்க மறுத்த பிறகு, ஆஸ்திரேலிய மருத்துவத் தம்பதி ஜான் – எவ்லின் பில்லிங்ஸ் உருவாக்கிய இயற்கை முறையைப் பயிற்சிகளில் கற்றுத்தருகிறார்கள். தென்னிந்தியாவில் மிகப் பரவலாக இருப்பதோ இரண்டு பிள்ளைக்குப் பின் பெண்கள் செய்துகொள்ளும் கருத்தடை அறுவை. போதனைக்கும் வீட்டு நடைமுறைக்கும் இடையே உள்ள தூரத்தை வகுப்பில் மறைக்காமல் பேசினால்தான், கணவனும் இதில் பங்காளி என்ற செய்தி போய்ச்சேரும்.

காரைக்கால் கல்யாணங்களில் கடல்தாண்டிய பிழைப்பு ஒரு பெரிய பொருள். 1956-இல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்த ஒப்படைப்பு உடன்படிக்கை, ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள இங்குள்ளவர்களுக்கு இடம் கொடுத்தது. அப்படித் தேர்ந்தவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் பிரெஞ்சுக் குடிமக்கள். அவர்களில் ஒருவரை மணந்தால் பிரான்சுக்குப் போகும் வழி திறக்கும் என்பதால் கல்யாணப் பேச்சில் அந்தக் குடியுரிமைக்குத் தனி மதிப்பு உண்டு. அத்தகைய கல்யாணத்தில் முன்விசாரணை இன்னும் கவனமாக நடக்க வேண்டும். மனைவியாக வாழும் எண்ணமே இல்லாமல், கணவனாக வாழும் எண்ணமே இல்லாமல், விசாவுக்காக மட்டும் சொல்லும் ‘சம்மதம்’ திருச்சபைச் சட்டத்தில் செல்லாது. பிரெஞ்சு உரிமையியல் சட்டமும் சம்மதம் இல்லாத இடத்தில் திருமணம் இல்லை என்கிறது. வெளிநாட்டில் மணக்கும் பிரெஞ்சுக் குடிமகன் முன்கூட்டியே தூதரகத்தில் தகுதிச் சான்று பெற வேண்டும், இருவரையும் அழைத்து விசாரிக்கவும் தூதரகத்துக்கு உரிமை உண்டு. பங்கு அலுவலகமும் தூதரகமும் வெவ்வேறு காரணத்துக்காக ஒரே கேள்வியைக் கேட்கின்றன.

இங்கே இன்னொரு நுணுக்கம். 1881 செப்டம்பர் 21 பிரெஞ்சு ஆணைப்படி தங்கள் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் ரெனோன்சான். அவர்களின் வழிவந்தவர்களுக்கு 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டம் பொருந்தாது என்று, அச்சட்டத்தைப் புதுச்சேரிக்கு நீட்டியபோதே விதிவிலக்குச் சேர்த்திருக்கிறார்கள். ஒரே கோயிலில் ஒரே நாளில் தாலி கட்டிய இரண்டு ஜோடிகளை இரண்டு வெவ்வேறு சட்டங்கள் ஆளக்கூடும். ஆலோசகர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். தெரியாவிட்டால் வழக்கறிஞரிடம் அனுப்ப வேண்டும்.

பிரிந்து வாழும் குடித்தனத்தின் வலி இந்த ஊருக்குப் பழையது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய காரைக்கால் அம்மையார் வரலாற்றில், மாங்கனி அதிசயத்தைக் கண்டு அஞ்சிய பரமதத்தன் தன் அச்சத்தை, பின்னாளில் காரைக்கால் அம்மையாரான மனைவி புனிதவதியிடம் சொல்லவில்லை. வணிகத்துக்கென்று கப்பலேறிப் போனான். பாண்டிய நாட்டில் இன்னொருத்தியை மணந்து, பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டான். சைவர்களுக்கு அது ஓர் அடியாரின் வரலாறு. ஆனித் திங்களில் மாங்கனித் திருவிழா பார்க்க எல்லாச் சமயத்தாரும் கூடுகிறார்கள். குடும்ப ஆலோசனை செய்பவர் அதில் வேறொன்றையும் காணலாம்: மனதில் பட்டதைச் சொல்லாமல் கப்பலேறிய கணவன். இன்று வளைகுடாவுக்கும் பிரான்சுக்கும் போகும் கணவன்மார் தினமும் வீடியோ அழைப்பில் முகம் காட்டுகிறார்கள். சாப்பிட்டாயா, பணம் வந்ததா, பிள்ளை பள்ளிக்குப் போனானா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சொல்லாதது சொல்லாததாகவே கிடக்கும்.

இந்தச் சொல்லாமையை உடைக்கவே ஒரு இயக்கம் பிறந்தது. ஸ்பெயினில் கபிரியேல் கால்வோ என்ற குரு 1962-இல் பார்சலோனாவில் தம்பதியருக்காக ஒரு வார இறுதிக் கூடுகை நடத்தினார். அமெரிக்கா வழியாக உலகெங்கும் பரவி இந்தியாவுக்கும் வந்த ‘மேரேஜ் என்கவுன்டர்’ அதுதான். அதன் முறை மிக எளிது. ஒரு கேள்வியைக் கொடுத்து, கணவனும் மனைவியும் தனித்தனியே பத்து நிமிடம் எழுத வேண்டும். தாள்களை மாற்றிப் படித்துவிட்டுப் பத்து நிமிடம் பேச வேண்டும். குற்றம் சாட்டக்கூடாது, தன் மனதில் எழுந்ததை மட்டும் எழுத வேண்டும். வாய்ப்பேச்சில் ஆண் குரல் உயர்ந்ததும் அடங்கிவிடும் பெண், தாளில் அடங்குவதில்லை. கடல்தாண்டி இருக்கும் கணவனுக்கும் இந்த முறை பொருந்தும். முறியும் நிலைக்கு வந்த தம்பதியருக்கென 1977-இல் கனடாவின் கியூபெக்கில் ‘ரெத்ரூவாய்’ என்ற தனி முயற்சி தொடங்கியது. தாங்களே அந்த நிலையைக் கடந்து வந்த தம்பதியர் அதை நடத்துகிறார்கள்.

பங்கில் முதலில் யாரிடம் போவது என்பது பலருக்குத் தெரியாத கேள்வி. அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் அறிமுகமான ஒரு மூத்த தம்பதி, ஒரு சிஸ்டர், பங்குத்தந்தை, பயிற்சி பெற்ற ஆற்றுப்படுத்துநர் என்று பல வாசல்கள் உண்டு. இதில் ஒரு தெளிவு மிக முக்கியம். பாவசங்கீர்த்தனம் வேறு, ஆலோசனை வேறு. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு எக்காரணம் கொண்டும் வெளியிட முடியாது. அங்கே மனைவி சொன்னதை வைத்துப் பிறகு கணவனிடம் பேசவும் முடியாது. உதவி வேண்டுமென்றால் அதைப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வெளியே, நேராக உட்கார்ந்து சொல்ல வேண்டும். பாவசங்கீர்த்தனத்தில் அழுதுவிட்டு ‘சாமியாருக்குத் தெரியும், அவர் பார்த்துக்கொள்வார்’ என்று காத்திருக்கும் பெண்கள் வீணாகக் காத்திருக்கிறார்கள்.

குடி இன்னொரு பெரிய பொருள். தமிழ்நாட்டைவிட மது நீண்ட காலம் மலிவாகக் கிடைத்துவந்த ஊர் இது. குடிக்கும் கணவனை வேளாங்கண்ணிக்கு அழைத்துப்போய் மாதா முன் சத்தியம் வாங்குவது பல குடும்பங்களின் முதல் வைத்தியம். சத்தியம் செய்பவன் பெரும்பாலும் மனதாரத்தான் செய்கிறான். ஆனால் குடிநோய் சத்தியத்தால் தீராது. மருத்துவமனையும், மருந்தும், மீண்டவர்களின் கூட்டமும் வேண்டும். மன்றாட்டு இவற்றுக்குத் துணை. ‘இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோம்மா, அவன் திருந்திடுவான்’ என்று மட்டும் சொல்லி அனுப்புவது ஆலோசனை ஆகாது.

அடி உதையில் இன்னும் தெளிவு வேண்டும். திருமண உறவு பிரிக்கமுடியாதது என்ற போதனையை, அடிவாங்கிக்கொண்டு கூடவே இருக்க வேண்டும் என்று பலர் புரிந்துகொண்டிருக்கிறார்கள். திருச்சபைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஒருவரால் அவர் துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலளவிலோ ஆன்ம அளவிலோ கடும் ஆபத்து இருந்தால், அந்தத் துணைவருக்குப் பிரிந்துபோக உரிமை உண்டு. தாமதம் ஆபத்தானால் யார் அனுமதியும் கேட்காமல் தானே வெளியேறலாம் என்று 1153-ஆம் எண் கூறுகிறது. 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய ‘அன்பின் மகிழ்வு’ ஒருபடி மேலே போய், சில சூழலில் பிரிவு அறநெறிப்படி அவசியமாகவே இருக்கலாம் என்கிறது. நாட்டின் சட்டத்தில் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் தங்குமிட உரிமையும் பாதுகாப்பு ஆணையும் தருகிறது. பெண்களுக்கான உதவி எண் 181. அடிக்கும் கணவனையும் அடிவாங்கும் மனைவியையும் ஒரே அறையில் உட்காரவைத்துச் சமரசம் பேசினால், அங்கே அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் வீட்டில் பதில் கிடைக்கும். முதலில் அவளைத் தனியாகக் கேட்க வேண்டும், பாதுகாப்பான இடம் வேண்டும்; சேர்ந்து வாழ்வதா என்ற பேச்சு பிறகுதான்.

எல்லா முயற்சியும் தோற்றபின் வருவது திருச்சபை நடுவர் மன்றம். ‘சர்ச்சில் விவாகரத்து வாங்குவது’ என்று ஊரில் சொல்வார்கள். நடுவர் மன்றம் விவாகரத்து தருவதில்லை. கல்யாணத்தன்று செல்லத்தக்க திருமணம் உண்டாகவே இல்லை என்பதற்கு ஆதாரம் இருந்தால் அப்படி அறிவிக்கிறது. பெண்ணை மிரட்டிச் சம்மதிக்க வைத்தது, மனநோயை மறைத்துக் கட்டிவைத்தது, பிள்ளையே வேண்டாம் என்று தீர்மானித்து நின்றது, திருமணப் பொறுப்பை ஏற்கும் உளத்தகுதியே இல்லாதது போன்றவை காரணங்கள். கல்யாணத்துக்குப் பிந்தைய குடியோ துரோகமோ தனியே போதாது. அன்றைய சம்மதத்தில் குறை இருந்ததற்கு அவை தடயமாகலாம். திருமணப் பிணைப்பின் பக்கம் நின்று வாதாட ஓர் அதிகாரியும் உண்டு. 2015 டிசம்பர் 8 முதல் நடைமுறைக்கு வந்த பிரான்சிஸின் சீர்திருத்தம், இரண்டாவது மன்றமும் ஒத்துச் சொல்ல வேண்டும் என்ற பழைய விதியை நீக்கியது. இருவரும் இசைந்து, ஆதாரமும் தெளிவாக இருந்தால் ஆயரே தீர்ப்பளிக்கும் சுருக்க வழியைத் திறந்தது. கூடியவரை கட்டணம் வாங்காதிருக்கவும் சொன்னது. காரைக்காலிலிருந்து புதுச்சேரிக்குச் சிதம்பரம், கடலூர் வழியாகப் பேருந்தில் போய்வர வேண்டிய ஒரு பெண்ணுக்கு, குறைந்துபோன ஒவ்வொரு விசாரணையும் ஒரு நாள் கூலி.

இந்தத் தீர்ப்பு நாட்டுச் சட்டத்தில் செல்லாது. மாலி ஜோசப் வழக்கில் 1996-இலும், கிளாரன்ஸ் பாயிஸ் வழக்கில் 2017-இலும் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. கோயில் தீர்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு மறுமணம் செய்தால் அது இருதார மணக் குற்றம். நீதிமன்றத்தில் 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டப்படி தனியாகத் தீர்ப்பு வாங்க வேண்டும். அந்தச் சட்டத்தில் 2001 வரை கணவனுக்கு மனைவியின் துரோகம் ஒன்றே போதும். மனைவிக்கோ கணவனின் துரோகத்தோடு கொடுமை போன்ற இன்னொன்றும் வேண்டியிருந்தது. 2001 திருத்தம் இருவருக்கும் பொதுவான காரணங்களை வைத்து, இருவர் இசைவோடு பிரியும் வழியையும் சேர்த்தது. மறுபுறம், நீதிமன்ற விவாகரத்து மட்டும் வாங்கியவர் கோயிலில் மறுமணம் செய்ய முடியாது. இரண்டு கதவுகள், இரண்டு சாவிகள்.

பிரிந்தவர்களைப் பற்றி ஊரில் ஒரு தவறான எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. விவாகரத்து ஆனவர் நற்கருணை வாங்கக்கூடாது என்று நினைத்து, பூசையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்கள் எழுந்துபோகும்போது தலைகுனிந்திருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். பிரிந்து, மறுமணம் செய்யாமல் வாழ்பவருக்கு நற்கருணைக்கு எந்தத் தடையும் இல்லை. ‘அன்பின் மகிழ்வு’ அவர்களை நற்கருணையில் பலம் தேடச் சொல்கிறது. பங்குத்தந்தை ஒரு ஞாயிறு இதைப் பிரசங்கத்தில் சொன்னால் போதும், சில வரிசைகள் முன்னே நகரும்.

திருமணம் செல்லாது என்ற தீர்ப்பு உறுதியானதும், அது திருமணம் நடந்த பங்குக்கும் திருமுழுக்குப் பெற்ற பங்குக்கும் அனுப்பப்படுகிறது. அங்கே பங்குத்தந்தை அந்தப் பழைய பேரேட்டை மறுபடி விரித்து, பெயரைத் தேடி, முன்பு கல்யாணத்தைக் குறித்த அதே ஓரத்தில், அதற்குக் கீழே, தீர்ப்பின் தேதியை எழுதுகிறார்.